மேசை நடுவே அடுப்பு

கோழித் துண்டுகளை இடுக்கியால் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. தம்பி. பெரியவள் இடுக்கியை அம்மாவின் கையில் திணித்து, "கருகிடாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, கைகழுவும் இடத்துக்குப் போய் நின்றாள்.

"அக்கா..." என்றான். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. வரவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதமாக எந்த போன் வந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தாளோ, அந்தக் கேடுகெட்ட போன் சோற்று வேளை பார்த்து வந்துவிட்டது.

"எப்போடா?"

"இப்போதான். பக்கத்துலதான் இருந்தேன். கஷ்டப்படலக்கா. மூச்சு விட்டுட்டே இருந்தாரு, அப்புறம் விடல." மூக்கை உறிஞ்சினான். "டியூப் எல்லாம் கழட்டி, துடைச்சு, அதுக்கப்புறம்தான் நம்மள உள்ள விடுவாங்களாம். நேரமாகும்னு நர்ஸ் சொன்னாங்க. அம்மா சாப்பிட்டாங்களா?"

"இப்போதான்டா உக்காந்தோம்."

"அப்போ சாப்பிட வச்சே கூட்டிட்டு வா. இல்லேன்னா இனிமே அவங்க தொண்டையில எப்போ என்ன இறங்கும்னு யாருக்குத் தெரியும்?"

அவன் சொன்னதும் நியாயம்தான். அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து பிஸ்கட்டும் கேன்டீன் காபியுமாகக் காலம் தள்ளியவள், நேற்று வராந்தாவில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் இன்று தம்பியைக் காவலுக்கு வைத்துவிட்டு, வர மாட்டேன் என்றவளைத் தரதரவென்று இழுக்காத குறையாக, எதிர்ச்சாரியில் இருக்கும் இந்தக் கொரியன் கடைக்குக் கூட்டி வந்தாள். ஆபீஸ் ஆட்களோடு வந்து பழகிய கடை.

இப்போது சொன்னால் அம்மா அப்படியே எழுந்துவிடுவாள். சொல்லாவிட்டாலோ, புருஷன் போனது தெரியாமல் என்னைக் கோழி தின்ன வைத்தாயே என்று ஆயுசுக்கும் கேட்பாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பெரியவள் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும், முதலில் நாலு வாய் உள்ளே போகட்டும் என்று முடிவு செய்தாள்.

திரும்பி வந்தபோது அம்மா அடுப்பை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மேசைக்கு நடுவுல அடுப்பை வச்சுட்டு, நம்மளையே சமைச்சுக்கச் சொல்றாங்க. நல்லா இருக்குடி நியாயம். பாத்திரமும் கழுவிட்டுப் போகணுமா?"

"அது அவங்களே கழுவிப்பாங்க."

"பெரிய மனசுதான்." இடுக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். "யாரு போன்ல?"

"தம்பிம்மா."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. முதல்ல சாப்பிடு."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.

அப்பாடா என்றிருந்தது பெரியவளுக்கு. பரிமாறும் பெண் வந்து, வெந்த கோழியைக் கத்தரிக்கோலால் நறுக் நறுக்கென்று வெட்டிப் போட்டாள். வேறு நாளாக இருந்தால் அதற்கே அம்மா ஒரு மூச்சு பேசியிருப்பாள். இன்று, "தையக்காரி மாதிரி வெட்டறா" என்பதோடு விட்டுவிட்டாள். கிம்ச்சி ஊறுகாயை வாயில் போட்டு, கண்ணில் நீர் வர, "முட்டைக்கோசுக்கு எதுக்கு இவ்வளவு கோவம்?" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் எடுத்தாள்.

மேசை முழுக்கக் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். முள்ளங்கி, கீரை, முளைகட்டிய பயறு. ஒன்று காலியானால் போதும், அந்தப் பெண் ஓசைப்படாமல் வந்து நிரப்பிவிட்டுப் போனாள்.

"நான் கேக்கவே இல்லையே?"

"காலியானா வச்சுட்டே இருப்பாங்கம்மா. போதும்னா கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம் வச்சிடணும்."

"மிச்சம் வைக்கிறதாவது! நான் என்ன மகாராணியா?" என்று சொல்லி, பயறுக் கிண்ணத்தை வழித்து எடுத்தாள்.

பெரியவள் துண்டு துண்டாக அம்மாவின் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். சாலைக்கு அந்தப்பக்கம், நாலாவது மாடியில், அப்பா படுத்திருக்கிறார். இந்நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இவள் இங்கே கோழியைப் புரட்டுகிறாள். அழுகை நெஞ்சு வரைக்கும் வந்து முட்டியது. ஆனாலும் ஒரு மாதத்துக்குப் பிறகு அம்மா வாய் நிறையச் சாப்பிடுவதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கீரை இரண்டாம் முறை வந்தது. பயறும் வந்தது. அம்மா சோற்றை முடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். குருவி கொத்துவதுபோலச் சாப்பிடுகிற பெண்பிள்ளை அவள். இப்போது நெற்றியில் வியர்வை வழிய, ஒவ்வொரு வாயையும் மென்று மென்று, தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டாள். அப்புறமும் கை கிண்ணத்துக்குத்தான் போனது.

"போதும்மா. வயிறு என்னத்துக்காகும்?"

"இரு. நான் இன்னும் முடிக்கல."

சொன்ன விதத்தில் பெரியவளின் கை அப்படியே நின்றது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த கம்பெனியை மூடிய அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஆக்கிய சோறு ஆக்கியபடி கிடந்தது. பிள்ளைகள் உட்பட நாலு பேரும் பட்டினி. மறுநாளே வீட்டில் ஒரு சட்டம் போட்டார்: கெட்ட செய்தி எதுவானாலும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். தாய்மாமா விபத்தில் போனது, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னது, கடைசியாகத் தன் நுரையீரலில் கட்டி என்று டாக்டர் சொன்னது, எல்லாமே தட்டைக் கழுவிய பிறகுதான் அந்த வீட்டுக்குள் வந்தன. முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, முதல்ல சாப்பிடு" என்பார். அப்படிச் சொன்னாலே ஏதோ கெட்ட செய்தி காத்திருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அதே வார்த்தையை, எழுத்து மாறாமல், இன்று பெரியவளே சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

அப்படியானால் அம்மாவுக்கு அப்போதே தெரியும். சாப்பிட்டு முடித்தால்தானே செய்தி வரும்? அதனால் முடிக்காமல் இருக்கிறாள். அவள் முடித்தாலும் இந்தக் கடைக்காரர்கள் விடுவதாக இல்லை. அதோ, அந்தப் பெண் மறுபடியும் கிண்ணத்தோடு வருகிறாள். பெரியவள் வேண்டாம் என்று கையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள். கிண்ணம் நிறைந்தது.

அம்மா அந்தப் பயறை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டாள். பெரியவள் காத்திருந்தாள். பக்கத்து மேசையில் யாருக்கோ பதவி உயர்வாம், எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள்.

கடைசியில் அம்மாவே கரண்டியைக் கீழே வைத்தாள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பயறு மிச்சமிருந்தது. அதைத் தொடாமல், காகிதத்தால் வாயைத் துடைத்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ம். முடிச்சுட்டேன். சொல்லு."

"அம்மா... அப்பா வந்து..." பெரியவளின் உதடு கோணியது.

அம்மா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே மகளின் முன்னால் இருந்த எவர்சில்வர் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தாள். வந்தபோது போட்டிருந்த மூடி போட்டபடியே இருந்தது.

"ஒரு வாய்கூட சாப்பிடலையேடி நீ."

"எனக்கு வேணாம்மா."

"வெறும் வயித்தோட எப்படிச் சொல்லுவே?"

அம்மா மூடியைத் திறந்து, அதன் உட்புறம் கோத்திருந்த நீரைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டு ஓரமாக வைத்தாள். கிண்ணத்தை மகளின் பக்கம் நகர்த்தினாள்.

"மெதுவா சாப்பிடு. நான் உக்காந்திருக்கேன்."

பெரியவள் ஒரு வாய் எடுத்தாள். சோறு இன்னும் சூடாகவே இருந்தது.