வெர்லின் சொல்லாமல் விட்டது

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் அந்தச் சிற்றூருக்கு இருந்தது ஒரே முடிவெட்டும் சலூன். வெர்லின் ஸ்டோக்ஸ் நடத்திவந்தார். வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பில் துப்பாக்கியோடு வருவார்கள். தலையில் தொப்பி இருப்பதைப் போலத்தான், யாரும் அதைக் கவனிப்பதில்லை. எழுபத்தொன்பது வயது ஆர்வில் டாக்கெட்டின் துப்பாக்கியையும் வெர்லின் இருபத்தாறு வருஷமாகப் பார்த்துவந்தார்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொண்டு போன ஆர்வில், மறுநாளே திரும்பி வந்து உட்கார்ந்தார். "காடா வளந்துருச்சுப்பா, வெட்டிவிடு."

வெர்லின் காதோரம் வெறுங்காற்றில் கத்தரியை ஓட்டி அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் ஆர்வில் வெர்லினை, செத்துப்போன வெர்லினின் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்று சாயங்காலமே ஆர்விலின் மகள் நோரீனுக்கு வெர்லின் போன் செய்தார்.

"தெரியும் அங்கிள். கார் சாவிய வாங்கினதுக்கே மூணு நாள் சாப்பிடல. துப்பாக்கியையும் வாங்கினா உசுர விட்டுருவாரு. நீங்க சொன்னா கேப்பாரு. பக்குவமா எடுத்துச் சொல்லுங்களேன்."

"சொல்றேம்மா."

சொல்லவில்லை. கடையில் எப்போதும் யாராவது இருந்தார்கள். யாரும் இல்லாத ஒரு நாளும் வந்தது. அன்று ஆர்வில் தெளிவாக, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வெர்லினுக்கு மனசு வரவில்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆர்வில் சவரத்துக்கு வந்தார். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் கர்ட்டிஸ் பெல்லமி, தன் முறைக்காகக் காத்திருந்தான். அவன் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தது.

"பெருசு, உங்க எடையில பாதி அந்தத் துப்பாக்கிதான் போலிருக்கே?"

"இது இல்லன்னா இந்த ஊர்க் காத்து என்னை டெக்ஸாஸ்ல கொண்டுபோய்ப் போட்டுரும்டா."

மூன்று பேரும் சிரித்தார்கள். வெர்லின் ஆர்விலின் கழுத்தில் துணியைக் கட்டி, முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்டார். அந்தச் சூட்டில் ஆர்வில் அயர்ந்து தூங்கிவிட்டார். கொஞ்ச நேரம் தூங்கவிட்டு, வெர்லின் துண்டை எடுத்துவிட்டுக் கத்தியோடு குனிந்தார்.

ஆர்வில் கண் விழித்தார். அவர் கோபத்தில் கத்தியதையும், மனைவியின் சவப்பெட்டியருகே அழுததையும் வெர்லின் பார்த்திருக்கிறார். இந்தப் பார்வையைப் பார்த்ததில்லை.

"யாரு நீ?"

"நான்தான், வெர்லின்."

துணிக்கு அடியில் கை அசைந்தது. துப்பாக்கி வெடித்தது. தொடையில் சம்மட்டி இறங்கியது போல வெர்லின் தரையில் விழுந்தார். கர்ட்டிஸ் அதற்குள் எழுந்துவிட்டான்.

"சுடாத கர்ட்டிஸ், அவருக்கு நெனப்பு..."

அதற்குள் இரண்டு தடவை சுட்டிருந்தான். ஆர்வில் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார்.

கர்ட்டிஸ்மீது போலீஸ் வழக்குப் போடவில்லை. வெர்லினைக் காப்பாற்றினான் என்று ஊரே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவன் உட்காராமல் நின்றான்.

"தூக்கமே வரலண்ணே. உங்களுக்கும் அவருக்கும் என்ன சண்டை?"

"சண்டை ஒண்ணுமில்ல. அவருக்கு ஆள் அடையாளம் தெரியல."

"அப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு மாசமா தெரியும்."

கர்ட்டிஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவர் கையைப் புடிச்சிருப்பேனே அண்ணே."

கர்ட்டிஸ் கதவைச் சாத்தாமலே போய்விட்டான்.