வலது நுரையீரலில் மகன்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு இருமலைக் கேட்டு நோயைச் சொன்னால் நம்பிக்கை வருவதில்லை. உள்ளே இருப்பதைப் படம் பிடித்துக் காட்டினால்தான் வாயை மூடுகிறார்கள். கல் அரைக்கும் கிரஷரில் காலமெல்லாம் உழைத்தவரின் வலது நுரையீரலில், செத்துப்போன அவர் மகன் குத்தவைத்து உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான் தெரியவந்தது. அதுவரை அவர் அதை வெறும் இளைப்பு என்றே எண்ணியிருந்தார்.

ஸ்கேன் எடுக்கும் பெண், படுக்கையை வளையத்துக்குள் அனுப்பிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். விடச் சொன்ன பிறகும் விடவில்லை.

"போதும் தாத்தா, என்ன பந்தயமா?"

கிரஷர்க்காரர்களுக்கு அது ஊறிப்போன பழக்கம். லாரி கல்லைக் கொட்டும்போது மூச்சைப் பிடிப்பார்கள். கண்ணில் படும் புழுதி அடங்கியதும் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். மகன் வேலைக்கு வந்த அன்றே அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவன் இருமி இருமி வற்றி, இதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அடங்கியபோது, பயத்தில் பழக்கப்படி மூச்சைப் பிடித்தார். தாங்கமாட்டாமல் இழுத்தபோது மகனும் கூடவே உள்ளே போய்விட்டான்.

நுரையீரல் டாக்டர் படத்தைத் திரையில் துண்டு துண்டாக ஓட்டினார். வெள்ளைப் புள்ளிகள், தழும்புகள், நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு மகன். கட்டைவிரல் உயரம் இருந்தான். டாக்டர் கட்டியை அளப்பதுபோல அவனையும் அளந்தார். கிரஷரில் மூச்சுப் பிடிக்கும் பழக்கத்தையும் கேட்டுக்கொண்டார்.

"பெரிய தூசி கீழ விழுந்துரும். கொல்ற தூசி கண்ணுக்குத் தெரியாம காத்துலயே நிக்கும். மூச்சை அடக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் மொத்தமா இழுத்தது அதைத்தான்."

பெரியவர் முறைத்தார். "நீங்க கிரஷர் பக்கம் வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"பின்ன என்ன பேச்சு?"

கூட வந்திருந்த பெரியவரின் மனைவி திரையருகே போனாள். "தலை சீவியிருக்கானா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்."

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். "சீவலம்மா."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நுரையீரலைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம், மூச்சு கொஞ்சம் லேசாகும், ஆனால் மகனும் தண்ணீரோடு வந்துவிடுவான் என்றார் டாக்டர். கழுவாவிட்டால் வருஷம் தாண்டுவது கஷ்டம்.

"இவரும் மூச்சு விடணும், அவனும் இருக்கணும். ரெண்டும் ஆகாதா சார்?" என்றாள் மனைவி.

டாக்டர் திரையை அணைத்தார்.

"கழுவ வேணாம்" என்று பெரியவர் எழுந்தார். "புள்ளைக்கு நான் கெட்டது சொல்லிக்கொடுத்தேன்னு சொல்ற மிஷினு, வேற எதைத்தான் உண்மையா சொல்லப்போவுது? வாடி, போலாம்."

ஸ்கேன் எடுத்த பெண் வாசல்வரை ஓடி வந்து சக்கர நாற்காலியைக் காட்டினாள். வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு, கோபத்தில் படிக்கட்டில் விடுவிடுவென்று இறங்கினார்.

"மெல்லப் போங்க," என்று மனைவி பின்னாலிருந்து கெஞ்சினாள், "அவனுக்குக் குலுங்கும்."

"அவனாவது, குலுங்கறதாவது. எல்லாம் புளுகு" என்றார். சொல்லிவிட்டு, மீதிப் படிகளை ஒவ்வொன்றாக, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கிப் போனார்.