பொங்காத கை

ஏலியாம்மா சேச்சிக்கு ஒரு விசித்திரமான இருமல் உண்டு. மழையில் நனைந்தாலும் தும்மாத உடம்பு அது. ஆனால் சாயங்கால ஜெபத்தில், "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல" என்ற வரி வரும்போது மட்டும் இருமல் வந்துவிடும். வரி முடிந்ததும் நின்றுவிடும். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கிறது. கர்த்தருக்குக் கேட்காமலா இருக்கும்?

காரணம் அடுத்த வீட்டு சோசம்மா. ஏலியாம்மா மகனின் ஞானஸ்நான விருந்தில், ஏலியாம்மா சுட்ட பாலப்பத்தைத் தட்டில் தட்டிக் காட்டி, "இந்தக் கை தொட்டா மாவு பொங்கவே பொங்காது. எங்க வீட்டுக் கூரைக்கு ஓடு பத்தலை, இதுல நாலு குடுங்க" என்றாள். பந்தியே சிரித்தது. அந்த மகன் இப்போது மீசை முளைத்து, வேலைக்கு பெங்களூர் போய்விட்டான். இரண்டு வீட்டுக்கும் பேச்சுத்தான் இன்னும் முளைக்கவில்லை.

இந்த வருடம் ஏலியாம்மாவின் கணவர் இறந்துபோனார். இயேசுவின் கடைசி இராவுணவு நினைவாகப் பிட்டுத் தின்னும் பெசகா அப்பத்தை, சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் செய்யக் கூடாது. பெரிய வியாழனன்று அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து தரவேண்டும். என் மாமனாரும் இதே வருடம் போய்விட்டதால் என் அடுப்புக்கும் விடுமுறை. பக்கத்தில் மிச்சம் சோசம்மா வீடு மட்டும்தான்.

"அப்பமில்லாம பெசகா கழிஞ்சாலும் கழியட்டும். அவகிட்டப் போய் நிக்க மாட்டேன்" என்றாள் ஏலியாம்மா. சொல்லும்போது கணவர் படத்தைப் பார்த்தாள். எனக்கும் அப்பம் வேண்டுமே.

நேராக சோசம்மாவிடம் போனேன். "எனக்கு ஒண்ணு, சேச்சிக்கு ஒண்ணு."

"மூஞ்சில விட்டெறிவாங்க."

"எறிஞ்சா நான் பிடிச்சுக்கறேன். நீ கொண்டு வா."

பெரிய வியாழன் சாயங்காலம் நான் ஏலியாம்மா வீட்டில் இருந்தபோது சோசம்மா வந்தாள். தட்டைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. பெசகா அப்பம் புளிக்கவே கூடாது. இதுவோ தலையணை மாதிரி பொங்கி, மேலே வைத்த குருத்தோலைச் சிலுவை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

"பயத்துல விடியும்போதே மாவு அரைச்சுட்டேன் சேச்சி. வெயில்ல புளிச்சுப்போச்சு. இதைக் குடுக்கவும் கூடாது. வராம இருந்தா வேணும்னே வரலைன்னு நெனைப்பீங்க. அதான் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

இத்தனை வருடம் காத்திருந்த ஆயுதம் தானாகவே தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நானாக இருந்தால் விட்டிருக்கவே மாட்டேன். ஏலியாம்மாவின் உதடும் துடித்தது. சரிந்த சிலுவையை விரலால் மெல்ல நிமிர்த்தி வைத்தாள்.

"எடி, வறுத்த அரிசிமாவு மிச்சம் இருக்கா?"

"இருக்கு சேச்சி."

"என் அடுப்பைத்தானே பத்தவைக்கக் கூடாது. உன் அடுப்புக்கு என்ன கேடு? நான் வந்து செய்யறேன். என் கை தொட்டா மாவு பொங்காதுன்னு நீதானே சொன்னே."

சோசம்மா அங்கேயே உடைந்து அழுதாள். "அன்னிக்கு வாய்த்துடுக்குல சொல்லிட்டேன் சேச்சி, மன்னிச்சிருங்க."

"உன் வீட்டுல போய் அழு. உளுந்து ஊறணும்."

அப்பம் துளிக்கூடப் பொங்காமல் வந்தது. சோசம்மா வீட்டில் எல்லோரும் நின்று ஜெபம் சொன்னோம். அந்த வரி நெருங்கியதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஏலியாம்மா இருமவில்லை. மற்ற வரிகளைவிடச் சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் நின்ற சோசம்மாவுக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.