ஊசியக்காவும் மேனேஜரும்

குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் அறை அவளுடையது. உடன் வேலை பார்ப்பவர்கள், மருந்துக் கடைக்காரர், வாசல் காவலாளி என்று எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. பிள்ளையை அம்மா மடியில் உட்கார வைத்து, "கையை அமுக்கிப் பிடிச்சுக்கோங்கம்மா, நீங்க பார்க்காதீங்க" என்பாள். பிள்ளை அழ வாயைத் திறப்பதற்குள் பஞ்சை வைத்து ஒட்டியிருப்பாள். "முடிஞ்சுது, போலாம். அடுத்தது யாரு?" அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? நரம்பு அகப்படாத பிள்ளைகளை மற்ற மாடிகளிலிருந்தும் அவளிடம்தான் தூக்கி வருவார்கள்.

வீட்டில் மேனேஜர் என்றொரு பூனை. சாம்பல் உடம்பு, வெள்ளை மார்பு. ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல், மற்றவர்கள் செய்யும் வேலையை மட்டும் உட்கார்ந்து பார்ப்பதால் அவள் கணவன் வைத்த பெயர் அது. அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். மேனேஜருக்கு நகம் வெட்டுவதும் ஊசியக்கா பாணியில்தான் நடந்தது. கணவன் துண்டில் சுருட்டி மடியில் அமுக்குவான். அவள் காலை வெளியே இழுத்து, டக் டக்கென்று வெட்டித் தள்ளுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூனை உதறிய உதறலில் நகவெட்டி உள்சதை வரை இறங்கிவிட்டது. மேனேஜர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நாளெல்லாம் ரத்தத்தோடு புழங்குகிறவள், வெள்ளைப் பாதத்தில் நின்ற அந்த ஒற்றைச் சொட்டைப் பார்த்து வெலவெலத்துப் போனாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். மேனேஜருக்கு அவளே அடுப்பங்கரை ஆகிப்போனாள். மாலையில் அவள் உள்ளே வந்ததும் கைகளில் ஒட்டியிருக்கும் ஸ்பிரிட் வாசனை அதன் மூக்குக்கு எட்டிவிடும். அடுத்த நொடி கட்டிலடி. சோப்பு போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள். பலிக்கவில்லை.

"உன்னைப் பார்த்தாலே லீவு போட்டுடறான்டி" என்று கணவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நகங்கள் வளர்ந்து, ஒன்று உள்ளே சுருண்டு பாதத்தைக் குத்தத் தொடங்கியிருந்தது.

பூனை டாக்டரிடம் போவதென்று முடிவானது. பரணிலிருந்து பூனையைத் தூக்கிப்போகும் கூடையை இறக்கிய ஓசை கேட்டதுமே மேனேஜர் மாயம். இருவருமாகக் கட்டிலை நகர்த்தி, இழுத்துத் திணித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கணவனின் முழங்கை கோடு போட்ட நோட்டு மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் அவளைவிட வயதில் சின்னவன். கூடைக்குள் கைவிடவே இல்லை. மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடித்தட்டிலேயே பூனையை உட்கார விட்டான். தலைமேல் ஒரு துணியைப் போர்த்தினான்.

"பிடிச்சுக்கட்டுமா டாக்டர்?" என்றாள்.

"வேண்டாம்க்கா. யாரும் பிடிக்கலை, அதனாலதான் உட்கார்ந்திருக்கான்."

குத்திய நகத்தை மட்டும் வெட்டினான். மற்றதையும் முடித்துவிடச் சொன்னாள். தன் வேலையைச் சொல்லி, தான் எவ்வளவு வேகம் என்பதையும் சொன்னாள்.

டாக்டர் தயங்கிவிட்டுச் சொன்னான்: "வேகமா முடிச்சா நமக்கு முடிஞ்சிடுதுக்கா. அவனுக்கு அப்பதான் ஆரம்பிக்குது."

வரும் வழியெல்லாம் அவள் பொருமிக்கொண்டே வந்தாள். "எனக்கே பாடம் எடுக்கறான் பாருங்க."

"என் முழங்கைக்கு அந்தப் பாடம் பிடிச்சிருக்கு" என்றான் கணவன்.

ஆனாலும் கிளம்பும்போது டாக்டர் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். கூடை பரணுக்குத் திரும்பவில்லை. அதன் கம்பிக் கதவைக் கழற்றி, அவளுடைய பழைய நைட்டி ஒன்றை உள்ளே விரித்து, கூடத்து ஜன்னலோரம் வைத்தாள். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடைப் பக்கம் நகர்த்தினாள். மாலையில் தரையில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் ஒரு துண்டு மீனை நீட்டுவாள். அது வர நாளானது. வந்தபின் பாதத்தைத் தொட்டாள். அது இழுத்துக்கொள்வதற்குள் தானே விட்டாள். அதுதான் கஷ்டம். பிடிப்பது அவள் கைக்கு வரும். விடுவதற்குத்தான் பழக வேண்டியிருந்தது. பிறகு அதன் விரலை மெல்ல அழுத்தி, நகம் வெளியே எட்டிப் பார்த்ததும் நிறுத்தினாள். ஒரு மாலை, கண்ணாடி போலிருந்த ஒரு நுனியை மட்டும் வெட்டினாள். மேனேஜர் அவளைப் பார்த்தது, மீனைப் பார்த்தது, மீனைத் தின்றது.

மழைக்காலம் வந்தபோது அது கூடைக்குள்ளேயே தூங்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. காலையில் கணவன் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு, மேனேஜர் மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியது. எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. ஒரு சொட்டுகூட வரவில்லை. தொண்டையிலிருந்து அவள் கேட்டே இராத ஒரு குரல் எழுந்தது. டாக்டருக்குப் போன் செய்தாள்.

"ஆண் பூனைக்கு மூத்திரம் அடைச்சா உயிருக்கே ஆபத்துக்கா. இப்பவே கொண்டு வாங்க."

கூடையைக் காட்டிக் கூப்பிட்டாள். மீனைக் காட்டினாள். வலியில் இருந்த பூனை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒடுங்கிக்கொண்டது. காத்திருக்க நேரமில்லை. துண்டை எடுத்தாள். கண்ணில் நீர் முட்ட, அமுக்கிப் பிடித்து, சுருட்டி, கூடைக்குள் தள்ளிக் கதவை மாட்டினாள். இத்தனை மாதம் சேர்த்தது அந்த ஒரு பிடியில் நொறுங்குவது அவளுக்கே கேட்டது போலிருந்தது.

ஆட்டோவில் கூடையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கடா, வேற வழியில்லடா" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

டாக்டர் குழாய் போட்டு அடைப்பை எடுத்தான். பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்தபிறகு அவள் கேட்டாள், "இவ்வளவு நாள் பழக்கினதெல்லாம் போச்சா டாக்டர்?"

"தெரியலக்கா. ஆனா நீங்க இன்னிக்கு அவன் மனசு கோணக் கூடாதுன்னு உட்கார்ந்திருந்தா, கோவிச்சுக்க அவன் இருந்திருக்க மாட்டான்."

வீடு திரும்பிய மேனேஜர் கட்டிலடிக்குப் போனது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கிண்ணத்தை மட்டும் கட்டில் காலருகே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரம் காய்ச்சல் கொதிக்க ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். உடனே ரத்தம் எடுத்தாக வேண்டும். பையன் காலால் உதைத்தான், பல்லால் கடிக்க வந்தான். பேசிப் பார்க்க அவகாசமில்லை. "அமுக்கிப் பிடிங்கம்மா" என்றாள், எடுத்தாள், ஒட்டினாள். வாய் பழக்கத்தில் "முடிஞ்சுது" என்று தொடங்கி, அங்கேயே நின்றது. பையன் தேம்பிக்கொண்டிருந்தான். கையுறையைக் கழற்றிவிட்டு அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பிடிச்சு வச்சது பிடிக்கலை, இல்ல?"

பையன் முறைத்தபடி தலையாட்டினான்.

"எனக்கும் பிடிக்கலை" என்றாள். வெளியே வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். தேம்பல் அடங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் வெளியே வரப் பல நாளானது. ஒரு மாலை, தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு முழம் தள்ளி வந்து, முதுகைக் காட்டியபடி படுத்தது. ஒரு கால் அவள் பக்கம் நீண்டிருந்தது. நகங்கள் வளர்ந்திருந்தன.

"இதுதான் சமயம், வெட்டிடு!" என்று கதவருகிலிருந்து கணவன் கிசுகிசுத்தான்.

"சும்மா இருங்க" என்றாள் அவள், மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தபடி. "இன்னிக்கு அவன் படுக்கட்டும்."