பகல் குளிசை

அக்குறணையில் கணவன் ஹபீலின் துணிக்கடைக்கு மேல்மாடியில்தான் கைரியாவின் வீடு. பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போன பிறகு அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. கண்டி டாக்டர் கொடுத்த குளிசைதான் அவளை அடுப்படிவரை நடக்க வைத்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது, சோறு வடிக்கிற அளவுக்கு உயிர் இருந்தது. காலை, பகல், இரவு ஒவ்வொன்று. கூடவே இருந்த மாமிக்கு, ஹபீலின் உம்மாவுக்கு, தெரியாமல் குடித்துவந்தாள்.

நோன்பு பிறந்தது. நோன்பை விட்டால் மாமி ஏன் என்று கேட்பார். நாளுக்கு மூன்று, எப்போது குடித்தால் என்ன என்று நினைத்து, நோன்பு திறந்த கையோடு மூன்றையும் ஒன்றாக விழுங்கினாள் பாவி மகள்.

ஒரு நாள் கஞ்சிக் கோப்பையோடு சரிந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் ஹபீல் பொரிந்தான்.

"இந்தக் குளிசைதான் வலிப்பக் கொண்டு வந்தீக்கி. எல்லாத்தையும் குப்பையில போடப்போறன்."

குளிசை இல்லாவிட்டால் மறுபடியும் அந்தக் கட்டில்தான் என்று கைரியா நினைத்தாள். பயம்கூடத் தூரத்தில்தான் நின்றது.

டாக்டரம்மா, "எப்படிக் குடிச்சீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"இந்த வகைக் குளிசை சிலருக்கு வலிப்பக் கொண்டுவரும். ஒண்டாக் குடிச்சா இன்னும் பயம். மூளைப் படத்தில ஒண்டுமில்ல. ஒருக்கா வந்ததுக்குக் காக்காய் வலிப்பு நோய்ண்டு சொல்ல ஏலாது."

"அப்ப நிப்பாட்டுவமே?" என்றான் ஹபீல்.

"நீங்களா நிப்பாட்டக் கூடாது. அளவக் குறைச்சு வேற குளிசைக்கு மாத்துறன். காலையிலயும் பகலும் சாப்பாட்டோட குடிக்கணும். இப்ப நோன்பு வேணாம்."

"உம்மாக்கு என்ன சொல்ற?"

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பகல், கைரியா அடுப்படியில் தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். மாமி வாசலில் நின்றார்.

"நோன்பும் நாளுமா என்ன புள்ள இது?"

"மனசுக்குக் குடிக்கிற குளிசை மாமி. டாக்டர் நோன்பு வேணாம்ண்டாங்க."

"புள்ள போனதுல இருந்தா?"

"ஓ."

மாமி உள்ளே வந்து சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார்.

"வெறும் வயித்துல குடிக்காத. விடியச் சாமத்துல ஸஹருக்கு ஆக்கின சோறு மிச்சம் ஈக்கி. கதவச் சாத்திட்டுத் தின்னு, கடைக்கு வாற சனம் மேல வந்தாப் பாக்கும்."

கைரியா கதவைச் சாத்தினாள். வெட்கமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது. தட்டு முடியும்வரை சாப்பிட்டுவிட்டுக் குளிசையைக் குடித்தாள்.