யாகூப் வீட்டுச் சுவர்க் காகிதம்

கொடைக்கானல் பஜாரில் கம்பளியும் குல்லாவும் விற்றுவந்த யாகூப் ராவுத்தர், அட்டுவம்பட்டியில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோன வருஷம் மழை விட்டபாடில்லை. முன்கூடத்துச் சுவரெல்லாம் ஈரம் ஏறிக் கறை கறையாகப் படர்ந்திருந்தது. சுண்ணாம்பு அடித்துவிட்டால் போதும் என்றார் யாகூப். அவர் மனைவி ஷம்ஷாத் ஒப்பவில்லை.

ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் சாமான்களை ஏலம் விட்டபோது யாகூப் ஒரு தகரப் பெட்டியை எடுத்திருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே சுருள் சுருளாகச் சுவரில் ஒட்டும் காகிதம். பச்சைக் கொடிகள், கொடிக்குக் கொடி நீலக் குருவிகள். அதைப் பார்த்த நாளிலிருந்து ஷம்ஷாத்துக்கு வேறு நினைப்பில்லை. மகள் ஆமினாவைப் பெண் பார்க்க ஆயக்குடியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. கொய்யாத் தோப்பும் மச்சு வீடுமாக வாழ்கிறவர்கள்.

"கறை புடிச்ச சுவத்துக்கு முன்னால எம்பிள்ளைய உக்கார வைக்கமாட்டேன். ஆளப் புடிச்சு ஒட்டச் சொல்லுங்க" என்றாள்.

ஆள் பிடிப்பதுதான் பாடாக இருந்தது. மழைக்காலத்தில் மலையில் பெயிண்ட் வேலை ஓடாது என்று பெயிண்டர்கள் எல்லாரும் மதுரைப் பக்கம் இறங்கிவிட்டார்கள். காகிதம் ஒட்டத் தெரிந்த ஒரே மேஸ்திரி கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். யாகூப் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்தார். ஒரு நாள் பூம்பாறை பஸ்ஸில் வந்திறங்கிய ஞானவேல் என்பவன் நேராகக் கடைக்குள் நுழைந்தான். பின்னால் அவன் பெண்சாதி பொன்னுத்தாய், கையில் சுண்ணாம்பு மட்டையோடு நின்றாள்.

"காயிதம் ஒட்ட ஆளு வேணும்னீகளாமே மொதலாளி?"

"ஒட்டிப் பழக்கம் உண்டா?"

"என்ன இப்பிடிக் கேட்டுப்புட்டீக! வத்தலக்குண்டுல ஒரு சுவரு பாக்கியில்ல. காயிதம் ஒட்டுறதுல என்னைய அடிச்சுக்க மலையிலயும் ஆளில்ல, கீழயும் ஆளில்ல."

பொன்னுத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முழங்கையால் ஓர் இடி இடித்தான். யாகூப்புக்கு அப்போது வேண்டியிருந்தது ஓர் ஆள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளனே இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். கதவு, ஜன்னல்களுக்குப் பச்சை எண்ணெய்ப் பெயிண்ட் அடிப்பது பொன்னுத்தாயின் வேலை. அவள் நிதானமாக, சிந்தாமல் அடித்தாள். ஞானவேல் ஒரு வாளி நிறைய மைதாப் பசை காய்ச்சி, எலி கடிக்காமலிருக்கத் துத்தம் கலந்து, தென்னை மட்டைத் தூரிகையால் சுவரில் சளார் சளாரென்று அடித்தான். காகிதத்தை விரித்து ஒரு தட்டு, ஒரு இழுப்பு; ஒட்டியாயிற்று. அவன் வேகத்தைப் பார்த்து ஷம்ஷாத் அசந்துபோனாள். அப்புறம்தான் குருவிகளைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, குருவியெல்லாம் தலைகீழாப் பறக்குதே?"

ஞானவேல் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அது தானியம் பொறுக்கக் கீழ எறங்குதும்மா."

அடுத்த சுருளை நேராக ஒட்டினான். "இது தின்னுட்டு மேல போற குருவி" என்றான்.

ஷம்ஷாத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிய்த்து ஒட்ட நேரமும் இல்லை.

பெண் பார்க்கிற அன்று காலையில் கூடத்தின் ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. அந்தச் சுவரில்தான் பக்கத்து அறையின் கதவு இருந்தது. சுவரோடு சுவராக மட்டமாகப் பதித்த பழைய பலகைக் கதவு, உள்பக்கமாகத் திறக்கும். ஷம்ஷாத்தின் தம்பி சாகுல் ஹமீது, இந்த விசேஷத்துக்கென்று மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மலைப்பாதை வளைவுகளில் குடல் வாய்க்கு வரும்படி வாந்தியெடுத்திருந்தார். டாக்டர் கொடுத்த தூக்க மருந்தைக் குடித்துவிட்டுக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தார். பொன்னுத்தாய் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டு, தாழ்வாரத்துப் பெஞ்சுக்கு அடிக்க வெளியே போனாள்.

ஷம்ஷாத் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெரசா முடிப்பா. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் வந்துருவாக. ஒரு எடம் பாக்கி வைக்காத!"

"வச்சாக் கேளுங்கம்மா" என்றான் ஞானவேல்.

பொன்னுத்தாய் தூரிகையைக் கழுவ உள்ளே வந்தபோது கூடம் முழுக்கக் கொடியும் குருவியுமாக இருந்தது. அவள் சுவரை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"இங்கிட்டு ஒரு கதவுக்குப் பச்சை அடிச்சேனே, அது எங்க?"

"ஒட்டியாச்சு."

"கதவு மேலயா?"

"ஒரு எடம் பாக்கி வைக்காதன்னு அந்தம்மாதான சொன்னாக? அதுவும் பூட்டிக் கெடந்துச்சு. பூட்டுன கதவுல ஒட்டலாம், அது தொழில் முறை."

"பெயிண்டு காயலையேய்யா!"

"அதான் கதவுல புடிக்கல. ரெண்டு ஓரத்துச் சுவத்துல நல்லா இழுத்து ஒட்டிருக்கேன். மத்தளம் மாதிரி நிக்குது பாரு."

அவள் தலையில் கைவைத்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

கடையிலிருந்து ஓடிவந்த யாகூப், மாப்பிள்ளையின் அத்தா அப்துல் சலாமைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா ரஹ்மத் பீவி ஒரு கூடைக் கொய்யாப் பழத்தோடு கூடத்துக்குள் வந்து, காகிதம் ஒட்டிய சுவருக்கு எதிரே அமர்ந்தார். பேச்சு குறைவு, குற்றம் கண்டுபிடிப்பது அதிகம். வீடு குளிருகிறது என்றார். தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்றார். சுவரை ஏற இறங்கப் பார்த்து, "சுவத்துக்கு எதுக்கும்மா சீலை கட்டி விட்டுருக்கீக?" என்றார்.

ஷம்ஷாத் பதில் சொல்லுமுன் சுவர் இருமியது.

ரஹ்மத் பீவி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

உள்ளே சாகுல் ஹமீது விழித்துக்கொண்டிருந்தார். மருந்து மயக்கம் தெளியாமல் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தார். கதவு திறந்தது. கதவுக்கு அப்பால் வாசல் இல்லை. வெள்ளை வெளேரென்று ஒரு சுவர் நின்றது. கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை திறந்தார். அப்போதும் சுவர்தான்.

"யக்கா!" என்று அலறினார். "யக்கா, வாசல எவனோ கட்டி அடைச்சுட்டான்!"

ஷம்ஷாத் துள்ளி எழுந்தாள். தம்பியின் குரல்தான். ஆனால் கதவு இருந்த இடம் எது? கொடியும் குருவியுமாக ஒரே மாதிரி இருந்த சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடவிக்கொண்டே ஓடினாள். அதற்குள் கூடத்தின் நடுவில், மேல் போகும் குருவிக்கும் கீழ் இறங்கும் குருவிக்கும் இடையே, சுவர் மெல்லப் புடைத்தது. புடைப்பில் ஐந்து விரல்கள் தெரிந்தன.

ரஹ்மத் பீவி போட்ட கூச்சலில் கொய்யாக் கூடை கவிழ்ந்து பழங்கள் நாலாபக்கமும் உருண்டன. தெரிந்த துஆக்களையெல்லாம் ஒரே மூச்சில் ஓதத் தொடங்கினார்.

தலைகுனிந்து காத்திருக்கும்படி சொல்லி உள்ளறையில் உட்கார வைத்திருந்த ஆமினா, பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காய்கறிக் கத்தியோடு ஓடிவந்தாள். விரல்கள் தெரிந்த இடத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மாமா! ரெண்டு எட்டுப் பின்னால தள்ளி நில்லுங்க!"

"ஏ ஆமினா, நீ எங்கிட்டு இருக்க?"

"சுவத்துக்கு இந்தப் பக்கம். கையை எடுங்க!"

மேலிருந்து கீழாக ஒரே கிழி. காகிதம் சரசரவென்று இரண்டாகப் பிரிய, சாகுல் ஹமீது தடுமாறி வெளியே வந்தார். குரங்குக் குல்லா காதுவரை இறங்கியிருந்தது. கை இரண்டும் பச்சை. நெற்றியில் ஈரப் பசையோடு ஒரு நீலக் குருவி. எதிரே பெரிய மனுஷி ஒருத்தி நிற்பதைக் கண்டதும் அந்த நிலையிலும் மரியாதை விடாமல், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

கூச்சல் கேட்டு யாகூப்பும் அப்துல் சலாமும் உள்ளே ஓடிவந்தார்கள். "என்ன, என்ன?" என்று அப்துல் சலாம் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் திரும்பிய ஒவ்வொரு தடவையும், வெள்ளை வேட்டியின் பின்புறத்தில் பெஞ்சுப் பலகைகளின் பச்சைக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன.

முதலில் ரஹ்மத் பீவியின் தோள்தான் குலுங்கியது. பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். பிறகு அதுவும் முடியாமல் நாற்காலியில் சரிந்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். தன் வேட்டிதான் காரணம் என்று தெரியாமல் அப்துல் சலாமும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ரஹ்மத் பீவி ஆமினாவைப் பக்கத்தில் அழைத்தார். பெண் கத்தியோடு நின்றாளே, எல்லாம் போயிற்று என்று ஷம்ஷாத் முடிவே கட்டிவிட்டாள்.

"எம் மகன் நல்லவன்தான். ஆனா வீட்டுக்குள்ள பாம்பு வந்தாக்கூட உக்காந்து யோசிப்பான்" என்றார் ரஹ்மத் பீவி. "அவனுக்கு உன்னையப் போல ஒரு பிள்ளதான் தோது. என்ன, எங்க வீட்டுக்கு வர்றியா?"

ஆமினா கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "உங்க வீட்டுல கதவெல்லாம் வெளிய தெரியுமா?"

மறுபடி ஒரு சுற்றுச் சிரிப்பு. பிரியாணியை அதன்பிறகுதான் இறக்கினார்கள்.

இந்தக் களேபரத்தில் ஞானவேலைக் காணவில்லை. முதல் கூச்சல் கேட்டதுமே வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக ஓடியிருந்தான். யாகூப் குடையை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். பூம்பாறை பஸ் நிற்குமிடத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் வாளியும் தானுமாக நின்றிருந்தான்.

"உண்மையச் சொல்லுலே. வத்தலக்குண்டுல யாரு வீட்டுக்குக் காயிதம் ஒட்டுன?"

ஞானவேல் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டூரிங் கொட்டகைக்கு, மொதலாளி. சினிமா நோட்டீஸ். ஒட்டுனதும் ஓடிரணும், இல்லேன்னா சுவருக்காரன் அடிக்க வருவான். என்ன காயிதம்னு நீங்க கேக்கவே இல்லையே?"

யாகூப் அவனை அடிக்கத்தான் நினைத்தார். ஆனால் சம்பந்தம் முடிந்த நாள். அவர் மனசு லேசாக இருந்தது. தான் கேட்காமல் விட்டதும் நிஜம்தான். "வா, பிரியாணி ஆறுது" என்று குடைக்குள் இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்துல் சலாம் சாகுல் ஹமீதின் கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொன்னுத்தாய் அவர் வேட்டியை மண்ணெண்ணெயில் முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைக் கண்டதும் தேய்ப்பதை நிறுத்தாமலே, "வந்தாச்சா தொரை?" என்றாள்.

மிச்சக் காகிதமும் நிற்கவில்லை. அந்த வாரத்து மூடுபனியில் பசை இளகி, குருவிகள் மேலே போனதும் கீழே வந்ததும் ஒன்றாகத் தரையில் சுருண்டு கிடந்தன. நிக்காஹ்வுக்கு முன் வீட்டைச் சுத்தமாக்க ஷம்ஷாத் ஆள் அனுப்பியது பொன்னுத்தாய்க்குத்தான். அவள் வந்து சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாள். கூடவே வந்த ஞானவேலுக்குத் தண்ணீர் சுமக்கிற சோலி மட்டும் கொடுத்தார்கள். ஒவ்வொரு குடத்தையும் இறக்கிவைத்துவிட்டு, அவன் சுவரைப் பார்த்து, "இது மொட்டையாக் கெடக்கு மொதலாளி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.