கழுவாத மாடிப்படி

நான்காவது படியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள். வாளியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். வாளியைத் தூக்கிப் போய் பிரசவ அறைக் கதவுக்குக் குறுக்கே வைத்தாள். உள்ளே போய் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

வெளியே பெஞ்சில் இருந்த மாமியார்க்காரிக்கு அந்த வாளியைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. "வாளி வந்திருச்சுடா. இனிமே பயமில்ல," என்று மகனிடம் சொன்னாள். அவனும் அதே வாளிக்கு அந்தப் பக்கம் பிறந்தவன்தான்.

அக்கம்பக்கத்துத் தெருக்கள் அத்தனைக்கும் அந்த வாளி தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன், பிரசவம் பார்க்கப் படித்த சான்றிதழை மடியில் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தவள் அவள். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது, இங்குள்ள பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். பரீட்சை எழுதப் போனால், இந்த நாட்டுக்காரர்கள் மட்டும்தான் எழுதலாம் என்றார்கள். அதுவரைக்கும் துப்புரவு வேலை பாரம்மா என்று மருத்துவமனையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அந்த 'அதுவரைக்கும்' இன்னும் முடியவில்லை. ஒரே நர்ஸ், மூன்று வார்டு. டாக்டர் சாயங்காலம் ஒருமுறை வந்து, பிறப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். குழந்தைகள் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கவில்லை.

அன்று பிறந்தது பெண். துடைத்துத் தாயின் மார்பில் போட்டுவிட்டு வாளியம்மா வெளியே வந்தபோது, பெஞ்சில் ரிட்டயர்டு டீச்சர் உட்கார்ந்திருந்தாள். இந்த வட்டாரத்தின் அறுபது வருஷக் கதையைப் புத்தகமாக எழுதுகிறவள் அவள். மருத்துவமனைப் பிறப்புப் பதிவேட்டின் நகல் அவள் மடியில் இருந்தது. முகம் சரியில்லை.

புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் மருத்துவமனையைப் பற்றி வருகிறது. எல்லாப் பிரசவத்தையும் டாக்டரே பார்த்தார் என்று போடச் சொல்லிவிட்டார்கள் புத்தகக் கமிட்டிக்காரர்கள். பதிவேடு முழுக்க அவர் கையெழுத்துதானே இருக்கிறது. டீச்சர் சண்டை போட்டுப் பார்த்தாள். அவளுடைய இரண்டு மகள்களையும் எடுத்தது வாளியம்மாவின் கைதான். வாய்ப்பேச்சு போதாது, காகிதம் வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

"துப்புரவுப் பணியாளர் லிஸ்ட்ல உங்க பேரு வருது. அதுவாவது இருக்கட்டும்னு சொல்றாங்க," என்றாள் டீச்சர், தரையைப் பார்த்தபடி.

வாளியம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இது அவளுக்கு வேண்டும். அடுத்த மாதம் ஓய்வு. அதற்குப் பிறகு அவள் என்னவாக இருந்தாள் என்பதற்கு இந்த ஊரில் வேறு எழுத்தே இருக்கப்போவதில்லை.

"கூட்டுனதுக்குப் பேரு போட வேணாம், டீச்சர். மருத்துவச்சின்னு போடுங்க. காகிதம்தானே? வாங்க."

துடைப்பம் வைக்கும் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பெரிய பஞ்சுப் பெட்டியை இழுத்தாள். உள்ளே முழுக்க அவளுக்கு வந்த மெமோக்களின் நகல்கள். கழுவும் ஒவ்வொரு இடத்துக்கும் அட்டவணையில் நேரம் எழுத வேண்டும் என்பது மருத்துவமனை விதி. கட்டம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். பிரசவத்தில் இருக்கும்போது யார் கட்டம் நிரப்புவது? காரணம் கேட்ட இடத்தில் எல்லாம் 'வேறு வேலை இருந்தது' என்று எழுதியிருந்தாள். உண்மையை எழுதியிருந்தால் லைசென்ஸ் இல்லை என்று அன்றைக்கே பெட்டி கட்டியிருக்க வேண்டும். அது என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும்; யாரும் கேட்கவில்லை.

டீச்சர் ஒரு மெமோவை எடுத்தாள். மார்ச் ஒன்பது, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மாடிப்படி கழுவப்படவில்லை. பதிவேட்டைப் புரட்டினாள். அதே மார்ச் ஒன்பது, பதினொன்று நாற்பதுக்கு ஆண் குழந்தை. இன்னொன்றை எடுத்தாள். வராந்தா கழுவப்படவில்லை, பெண் குழந்தை. மூன்றாவது மெமோவின் தேதிக்கு டீச்சர் பதிவேட்டைப் புரட்டவில்லை. அது அவளுடைய மூத்த மகள் பிறந்த நாள்.

"இதையெல்லாம் ஏன் பத்திரமா வச்சிருந்தீங்க?"

"தூக்கிப் போட மனசு வரல. ஒவ்வொண்ணும் ஒரு புள்ள இல்லையா."

நானூற்றுப் பன்னிரண்டு மெமோ. மறுநாள் டீச்சர் பெட்டியோடு கமிட்டிக்குப் போய் மேஜைமேல் கவிழ்த்தாள். நாற்பதாம் பக்கம் மாறியது.

புத்தக வெளியீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூலகத்தில். வாளியம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. நாற்பதாம் பக்கத்தை டீச்சர் வாசித்தபோது, "மருத்துவச்சி" என்ற சொல்லுக்குப் பின்னால் அவளுடைய முழுப்பெயர் வந்தது. பெண்கள் எழுந்து நின்றார்கள். அவள் அழவில்லை. கல்யாண வீட்டுச் சொந்தக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் மருத்துவமனை மேற்பார்வையாளர் பலமாகக் கைதட்டினார். மருத்துவமனை சார்பில் அலுவல் நிமித்தமாக வந்திருந்தார். அந்த மார்ச் ஒன்பதில் பிறந்தவர் அவர்தான்.

மதியம் அவள் வேலைக்குத் திரும்பியதும் அவரே கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அந்தப் புத்தகம் இருந்தது. பக்கத்தில் ஒரு காகிதம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மாடிப்படி கழுவப்படவில்லை.

"நான் என்னம்மா பண்றது? லீவுக்கு மூணு நாள் முன்னாடி எழுதிக் குடுத்திருக்கணும். மேலிடத்துல கட்டத்தைத்தான் பாப்பாங்க." அவர் முகத்தை நிமிர்த்தவில்லை.

"குடுங்க தம்பி. நீங்க பொறந்தப்ப மெமோ வாங்குனதும் இதே மாடிப்படிக்குத்தான்," என்று சிரித்தாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். காரணம் என்ற இடத்தில், முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக வேறு வாசகம் எழுதினாள்: 'பக்கம் நாற்பது பார்க்கவும்.'

பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.